வேறு ஆட்கள், அதே வசனம்

என் கணவர் எளிதில் சிரிக்கிறவர் அல்ல. பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் ஏதாவது ஒரு வால்வு அவர் தலைக்குள் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அவரைக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கவைத்தது ஒரு பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி அவரை இங்கிலாந்தின் வடக்கே, எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அவர் தங்கியிருந்த வீட்டில் வாரம் ஒருநாள் எல்லோரும் கூடி உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்ப்பார்களாம். பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு கிராமத்துத் தபாலாபீஸ். ஸ்டாம்பு கேட்டு யாராவது உள்ளே வந்தாலே எரிச்சல்படும் போஸ்ட்மாஸ்டர். அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காத மனைவி. யாரும் யாரையும் நேராகத் திட்டமாட்டார்கள். ‘மன்னிக்கணும்’ என்று அவர்கள் சொல்லும் தினுசிலேயே எதிராளி செத்துப்போவான்.

திரும்பி வரும்போது அதன் டிஸ்க்குகளை வாங்கி வந்திருந்தார். கல்யாணமான புதிதில், துடியலூர் வீட்டில், வசனத்துக்கு வசனம் நிறுத்தி எனக்கு விளக்கினார். விளக்கிச் சொன்ன பிறகு யாருக்குச் சிரிப்பு வரும்? அவர் சிரிப்பதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். வருஷங்கள் போகப்போக எனக்கும் அந்த ஆட்கள் பழகிப்போனார்கள். போஸ்ட்மாஸ்டரின் மனைவி கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியும்.

அதே தொடரை அமெரிக்காக்காரர்கள் மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னது சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள். விடுமுறைக்கு வந்தவள் டிவியில் போட்டுக் காட்டினாள். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு தபாலாபீஸ். எந்நேரமும் வெயில். எல்லோருக்கும் அழகான பல்வரிசை. போஸ்ட்மாஸ்டர் கடுகடுவென்று இருக்கிறார், ஆனால் ஒவ்வொரு பகுதியும் முடியும்போது மனம் இளகி மனைவியைக் கட்டிக்கொள்கிறார். என் கணவருக்குத் தாங்கவில்லை.

“அந்தாளை நல்லவனாக்கிப் போட்டாங்க. அப்பறம் எதுக்குச் சிரிக்கறது?” என்றார்.

ஆனாலும் விடாமல் பார்த்தோம். ஆரம்பப் பகுதிகளில் பழைய வசனங்களையே அப்படியே வைத்திருந்தார்கள். அமெரிக்க நடிகர் வாயைத் திறப்பதற்குள் இவர் பழைய ஆளின் குரலில் அதைச் சொல்லிவிடுவார். மகளும் நானும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனோம். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டது அந்த நாட்களில்தான்.

மகள் சென்னைக்குப் போன பிறகு, ஒரு சாயங்காலம் பழைய டிஸ்க்கைப் போட்டார். தபாலாபீஸ் ஷட்டரை மேலே தூக்கிவிட்டு போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்தார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது யாரு?”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். போஸ்ட்மாஸ்டர்தானே என்றேன்.

“அவனாட்டவே இருக்கான். ஆனா ஆளை மாத்திப்போட்டாங்க.”

அன்று முழுப் பகுதியும் அவர் சிரிக்கவில்லை. பம்பின் இரும்பு வார்ப்பில் கீறல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். சரி என்றார்.

பிறகு அவிநாசியில் ஒரு கல்யாணம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் வந்திருந்தார்கள். இவருடைய அண்ணன் பந்தியிலிருந்து எழுந்து வந்து இவர் தோளைக் கட்டிக்கொண்டார். இவர் மெல்ல விலகி, கைகூப்பி, உங்களைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷமுங்க என்றார். தம்பி கேலி பண்ணுகிறான் என்று அண்ணன் சத்தமாகச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இவர் என் பக்கம் குனிந்தார்.

“அண்ணனாட்டவே நடந்துக்கறாரு பாத்தியா? அந்தக் கால் சாய்ச்சு நடக்கறதைக்கூடக் கத்துக்கிட்டாரு.”

நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். கருமத்தம்பட்டி தாண்டும்போது அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கேலி செய்தவரின் முகமாக அது இல்லை. பயந்துபோய், அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறவரின் முகம்.

என்னிடம் அது எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுவது வழக்கம் என்பதால் எனக்கு உடனே உறைக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷமாக அவர் என்னை ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவார். கொஞ்சலாக இருந்தால் அம்மணி. அவர் திடீரென்று ‘காப்பி குடுங்க’ என்றார். ‘நீங்க சாப்பிட்டீங்களா’ என்றார். நான் உள்ளே வந்தால் எழுந்து நின்றார். வயசாக ஆக மனுஷனுக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று அக்காவிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டேன். குளித்துவிட்டு வருவதற்குக்கூட அவர் என்னிடம் அனுமதி கேட்ட காலையில்தான் எனக்கு உறைத்தது. அவர் என் வீட்டில் விருந்தாளியாக இருந்தார்.

அன்று சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க, அவங்க எப்ப வருவாங்க?”

“யாருங்க?”

“என்ற ஊட்டுக்காரி.”

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். உங்க பொண்டாட்டி நான்தானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“நீங்க நல்லாத்தான் பண்றீங்க. ஒரு வார்த்தை தப்பில்லீங்க. புடவைகூட அவளோடதுதான். ஆனா அது நீங்க இல்லீங்க.”

மறுநாளே மகள் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். மறதி நோயில் ஒரு வகை, இன்னும் ஆரம்பம்தான் என்றார் டாக்டர். முகம் அடையாளம் தெரிகிறது, ஆனால் நம்மவர் என்கிற உணர்வு மட்டும் கூட வருவதில்லை. அதனால் இது யாரோ அச்சாக அதே மாதிரி வந்திருக்கிறார் என்று மூளை ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பழைய டிஸ்க்கில் இருந்த முகங்களைப் பற்றி நான் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எதிர்த்து வாதாட வேண்டாம், பொறுமையாக இருங்கள் என்றார். கிளம்பும்போது மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார். அதை அவள் என்னிடம் சொன்னது ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் அவர் தன் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

பொறுமையாக இருந்தேன். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் சரி என்றேன். நான் பதமாக நடக்க நடக்க அவருடைய சந்தேகம் முற்றியது. என் முதுகுப் பக்கம் இருந்து அவர் கண்கள் என்னை அளப்பது தெரியும். மகளிடம் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவளை உட்காரவைத்து விளக்கினாராம்: மாற்றி எடுக்கிறவர்கள் எப்போதும் ஆளைக் கொஞ்சம் நல்லவராக ஆக்கிவிடுவார்கள், உங்கம்மாவுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

“அம்மா, நீ அப்பாவைத் திட்டு,” என்றாள் மகள்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருந்தார். எத்தனை தடவை சொல்றது என்று பழையபடி கத்தினேன். அவர் அப்படியே நின்றார். முகம் மெல்ல மலர்ந்தது. “எப்ப வந்தே?” என்றார். அன்று பகல் முழுக்க அவர் என் கணவராக இருந்தார். கீரை ஆய்ந்து கொடுத்தார். அடுத்த வாரமும் ஒருமுறை அப்படி நடந்தது. மூன்றாவது முறை நான் திட்டியபோது துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்:

“இதையும் கத்துக்கிட்டாங்க.”

அதற்கு மேல் திட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன் விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. மருந்துக்கடையில் நின்றுகொண்டு, எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கேட்க வீட்டுக்கு அழைத்தேன். அவர் எடுத்தார். “எங்க போய்த் தொலைஞ்சே நீ?” என்றார். அந்த ‘நீ’யைக் கேட்டதும் கடையின் கண்ணாடிப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். குரல் மட்டும் போனால் அது நான்தான். முகத்தோடு போனால் வேறு ஆள். டாக்டரிடம் சொன்னேன், சிலருக்கு அப்படி இருப்பதுண்டு என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கார் ஷெட்டில் நின்று வீட்டுக்குள் இருக்கும் அவருக்குப் போன் செய்கிறேன். நான் அக்கா ஊரில் இருப்பதாகச் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் என்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிறேன். ஒருநாள் சொன்னார்:

“ஊட்டுல ஒரு அம்மா இருக்காங்க. நல்ல மாதிரிதான். ஆனா அவங்க என்னமோ நினைச்சுட்டுத்தான் வந்திருக்காங்க. சமையக்கட்டுல கத்தியெல்லாம் காணோம். எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டே இருக்கேன். நீ சீக்கிரம் வா அம்மணி.”

வாரேங்க என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று உள்ளே போவதற்கு முன் ஷெட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். அவரைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மகள் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அப்பா சிரித்தால் ஏதாவது திரும்பி வருமா என்று பழைய தொடரைப் போட்டுப் பார்த்தாள். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு, அணைக்கச் சொன்னார். அமெரிக்கத் தொடரைப் போட்டாள். அதை அமைதியாகப் பார்த்தார். கட்டிக்கொள்ளும் காட்சியில்கூட முகம் சுளிக்கவில்லை.

“உங்களுக்குத்தான் இது பிடிக்காதேப்பா,” என்றாள்.

“இவிய, இந்த அமெரிக்காக்காரங்க, ஆளை மாத்திட்டோம்னு சொல்லிட்டே மாத்தறாங்க கண்ணு. ஏமாத்தலை.”

புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அறைத் தாழ்ப்பாளை அவர் இப்போது போடுவதில்லை. நிறையத் தூங்குகிறார். நான் தட்டு வைத்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறார், போதுங்க என்கிறார். தேறி வருகிறார் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவருடைய அண்ணனும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். இவர் வாசல்வரை போய் வழியனுப்பினார். எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கிறது.

போன வாரம் வழக்கம்போல ஷெட்டிலிருந்து போன் செய்தேன். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டார். நாளைக்குக் கிளம்பி வந்துவிடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இல்ல, நீ அவசரப்பட்டு வர வேண்டாம். இங்க இவங்க பாத்துக்கறாங்க. பழகிப்போச்சு. நீயும் வந்தீன்னா அவங்க எங்க போவாங்க?”

சரிங்க என்றேன். அவரே முதலில் போனை வைத்தார். ஷெட்டில் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. மகள் அலுவலகக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும், யாரும் அணைக்கவில்லை. சிறிது நேரத்தில் சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. “ஏனுங்க, அடுப்பைப் பாருங்க,” என்று, என் பெயரைச் சொல்லாமல், என்னைத்தான் கூப்பிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.