ஏழு முப்பத்தைந்துக்கு ஒரு சைக்காலஜி டீச்சர்

1. ஒரு பீரோவும் நானும்

தண்டலம் பக்கத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் சைக்காலஜி டிபார்ட்மென்ட் என்பது ஒரு பீரோவும் நானும்தான். பீரோவுக்குள் ஒரு மிரர் டிராயிங் செட், அதாவது நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே வரைகிற கருவி, கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் வழி தேடுகிற ஃபிங்கர் மேஸ் பலகை இரண்டு, பேட்டரி இல்லாத நான்கு ஸ்டாப்வாட்ச். எச்.ஓ.டி.யும் நான், அட்டெண்டரும் நான், ஸ்டாப்வாட்சுக்கு பேட்டரி வாங்கப் போகிற ஆளும் நான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் பதினான்கு பேர் கூட்டமாக டீ குடிக்கப் போவார்கள். எனக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "மேடம், நான் இப்ப மனசுல என்ன நெனைக்கிறேன்னு சொல்லுங்க பாப்போம்." "இந்த பீரியட் ஃப்ரீயா போனா நல்லா இருக்கும்னு நெனைக்கிறீங்க" என்பேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கம்பெனிகளுக்கு நடுவே கல்லூரிகளும் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நர்சிங் காலேஜ், பி.எட். காலேஜ், எம்.பி.ஏ. நடத்தும் இன்ஜினியரிங் காலேஜ் என்று எல்லா இடத்திலும் சைக்காலஜி ஒரு பேப்பர் உண்டு. ஒவ்வொரு காம்பவுண்டுக்குள்ளும் என்னைப் போல ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். யார், எங்கே என்றுதான் தெரியாது. அவர்களையெல்லாம் இணையத்தில் ஒரே மேப்பில் பின் குத்தி வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒருவருக்கு மேஸ் வேண்டும் என்றால் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கலாம். கேள்வித்தாள் எடுக்க ஆள் தேடலாம். ஒன்றுமில்லாவிட்டாலும் பேசலாம்.

எங்கள் கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ் டேவிட் சாரிடம் சொன்னேன். சேரப்பணஞ்சேரிக்காரர், என் வயதுதான். "ஃப்ரீயா கெடைக்கற மேப்புலயே பண்ணிடலாம் மேடம். நீங்க பேரு, எடம் குடுங்கோ, நான் குத்திகினே போறேன்" என்றார். உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும்படி பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். பெண்கள் பெயர் அதிகம் என்பதால் அது மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்றிருந்தேன்.

2. ரோட்டில் பாடம் எடுக்கிறவர்கள்

மூன்று மாதம் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவர் நம்பரைக் கொடுக்க, அவர் மற்றொருவரைச் சொல்ல, நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "நீங்க எங்க மேடம் இருக்கீங்க? இடம் கரெக்டா சொல்லுங்க." அவர்கள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினேன். நோட்டைப் பார்த்து டேவிட் சார் பின் குத்தினார்.

மேப்பைத் திறந்தால் ஒரு கல்லூரிக்குள்ளும் பின் இல்லை. அத்தனையும் ரோட்டோரம். படப்பை பேக்கரி எதிரில் ஏழு இருபது. வாலாஜாபாத் ரவுண்டானா ஏழு மணி. ஒரகடம் கூட்டுரோடு, மோர்க்கடை, எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால். நான் இடம் கேட்டிருந்தேன், அவர்கள் பஸ் ஏறும் இடத்தைச் சொல்லியிருந்தார்கள், நேரத்தோடு.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அதுதான் விலாசம். கம்பெனியானாலும் கல்லூரியானாலும் காலையில் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து கொட்டும். வாடகைக்கு ரூம் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் ஊரைக் கேட்பதற்கு முன்னால் "உனக்கு எந்த பஸ்ஸு, எத்தினி மணிக்கு?" என்றுதான் கேட்பார். "எங்க இருக்கீங்க" என்றால் இங்கே யாருக்கும் முதலில் அதுதான் வாயில் வரும். அதை எழுதிக்கொண்ட எனக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும்.

பிரின்ஸிபாலிடம் பெருமையாகக் காட்டப் போயிருந்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சைக்காலஜி டீச்சருங்க எல்லாம் ரோட்டுல நின்னுதான் பாடம் எடுக்குறாங்களா?" என்றார். அறையிலிருந்த அக்கவுன்டன்ட் வரைக்கும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

நேராக லேபுக்குப் போய், எல்லாப் பின்னையும் கல்லூரிக்குள் நகர்த்தச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பு, நேரம் எதுவும் இருக்கக்கூடாது என்றேன்.

"ஹால் டிக்கெட் பிரின்டிங் தலைக்கு மேல கீது மேடம். கொஞ்சம் கொஞ்சமா மாத்தறேன்."

"ஒரு வாரத்துல முடிக்கணும் சார். மானம் போகுது."

அவருடைய சோம்பேறித்தனத்தைப் பற்றி அன்று வீட்டில் அரை மணி நேரம் பேசினேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

3. கிட்னி ஸ்டோன்

எங்கள் மாணவிகளுக்குக் கடைசி வருட பிராக்டிகல் வந்தது. பல்கலைக்கழகம் வெளியூரிலிருந்து ஓர் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினரை நியமித்திருந்தது. வெளியாள் ஒருவர் வந்து உட்காராமல் பிராக்டிகல் நடத்த முடியாது.

பதினேழு பேரில் சுகந்தி என்ற பெண் நிறைமாதம். இரண்டாம் வருடம் படிக்கும்போதே கல்யாணமாகி, மாமியாரிடம் மன்றாடி வந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. முந்தின வாரம் என்னிடம் வந்து, "பிராக்டிகல் தள்ளிப் போவாதில்ல மேடம்?" என்று கேட்டாள். "ஏன் போகப்போகுது?" என்றேன். "போச்சுன்னா அவ்ளோதான் மேடம். கொழந்த பொறந்துட்டா காலேஜ் கீலேஜ்னு கெளம்பக்கூடாதுன்னு மாமியா இப்பவே சொல்லிட்டாங்க. இந்த டிகிரி அப்டியே நின்னுடும்." நான் தைரியம் சொல்லி அனுப்பினேன். தைரியம் சொல்வதற்கு என்ன செலவு?

பிராக்டிகல் அன்று காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எக்ஸ்டெர்னல் போன் செய்தார். முனகல்தான் முதலில் கேட்டது. "கிட்னி ஸ்டோன் மேடம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். என்னால வர முடியாது."

பிரின்ஸிபாலைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அவர் திரும்ப அழைத்தார். "யுனிவர்சிட்டி எக்ஸாம் கன்ட்ரோலர்கிட்ட பேசிட்டேன்மா. எட்டரைக்குள்ள தகுதியுள்ள ஒரு ஆளப் பிடிச்சு சம்மதம் வாங்கிக் குடுத்தா, மாத்து ஆர்டர் ஃபேக்ஸ் பண்றேன்றாரு. இல்லன்னா தியரி எல்லாம் முடிஞ்சு அடுத்த மாசம்தானாம்."

அடுத்த மாதம் என்றால் சுகந்திக்குக் கிடையாது. மறைமலைநகரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்தேன்.

நாற்பத்தொரு பேரில் எக்ஸாமினராக வரும் அளவுக்கு அனுபவம் இருந்தது ஆறு பேருக்கு. மூன்று பேருக்கு அவரவர் கல்லூரியில் அன்றைக்கே பரீட்சை. ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். ஒருவர் போன் ஸ்விட்ச் ஆஃப். மிச்சம் ஒருவர், ராஜேஸ்வரி மேடம். ஒரகடம் தாண்டி ஒரு நர்சிங் காலேஜில் ஏழு வருடமாக சைக்காலஜி எடுப்பவர். முகம் பார்த்ததில்லை, போனில் இரண்டு முறை பேசியதோடு சரி. அவருடைய போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: அவர்கள் காலேஜில் டீச்சர்கள்கூட போன் கொண்டு வரக்கூடாது. போன் பூட்டிய வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தது.

அந்தக் காலேஜ் கேட்டுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் சாயங்காலம்தான் வெளியே விடுவார்கள். மேஸ் கேட்டு ஒருமுறை போய், வாட்ச்மேனிடம் தோற்றுத் திரும்பியவள் நான். பஸ் ஏறுவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு. ஆனால் எங்கே ஏறுவார்? நோட்டு காலேஜ் பீரோவில். மேப்பிலோ, டேவிட் சார் நகர்த்திய பின்கள் எல்லாம் சமர்த்தாகக் கல்லூரிக்குள் போய் உட்கார்ந்திருந்தன. நான்தானே சொன்னேன்.

பட்டியலில் அவருடைய பெயர் வரைக்கும் இறங்கப் பொறுமையில்லாமல் டேவிட் சாருக்கே போன் போட்டேன்.

"சார், எது வரைக்கும் மாத்தினீங்க?"

"கோச்சிக்காதீங்க மேடம். A-லேர்ந்து M வரைக்கும்தான் முடிஞ்சிது. வேல அப்டி."

"R?"

"R தொடவே இல்ல மேடம். நாளிக்கி..."

"தொடாதீங்க! சார், நீங்க நல்லா இருக்கணும்!"

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குத் திரையில் கிடைத்தது: சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட், ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம், 7:35. சுவர்க் கடிகாரத்தில் ஏழு பதினெட்டு.

4. கேட்

தலையைப் பின்னக்கூட நேரமில்லை. கொண்டை போட்டுக்கொண்டு ஓடினேன். ஷேர் ஆட்டோ நெடுஞ்சாலையில் ஒவ்வொரு ஆளுக்கும் நின்று நின்று போனது. கேட் பக்கம் இறங்கியபோது ஏழு முப்பத்து மூன்று.

அங்கே ஓர் ஊரே நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, யூனிஃபார்மில், ஈரத் தலையோடு நூறு பேர் இருப்பார்கள். அவரவர் பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் முகம் தெரியாத ராஜேஸ்வரியை எங்கே தேட? வெட்கத்தை விட்டு ஒரு கத்துக் கத்தினேன்.

"இங்க சைக்காலஜி யாரு?"

நூறு பேரும் திரும்பினார்கள். ஒருவன் பக்கத்தில் நின்ற நண்பனைக் காட்டி, "இவன்தான் மேடம், கூட்டினு போங்க" என்றான். சிரிப்பு. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சில் ஒரு கம்பெனிப் பெண் மட்டும் அருகில் வந்து, "யாரக்கா தேடுதிய?" என்றாள்.

"நர்சிங் காலேஜ் பஸ்ஸுல போற ராஜேஸ்வரி மேடம்மா."

"ஒயரு கூட வச்சிருக்க மேடமா? அன்னா, பஸ்ல ஏறுதாவ பாருங்க!"

மஞ்சள் பஸ் வந்து நின்றிருந்தது. அவருக்கு ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். ஓடிப்போய் ஒயர்கூடையைப் பிடித்து இழுத்தேன். திருடி என்று நினைத்திருப்பார். மூச்சு வாங்க என் பெயரைச் சொன்னேன்.

"அட, மேப் மேடமா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்புப் போனது. "ஆர்டர் இல்லாம நான் எப்படிம்மா வருவேன்? எங்க பிரின்ஸிபால் சும்மா விடமாட்டாங்க. ஃபேக்ஸ் வரலன்னா எனக்கு ஆப்சென்ட் போட்டு மெமோ குடுப்பாங்க."

நியாயமான பேச்சு. "பதினாறு பேரு அடுத்த மாசம் எழுதிடுவாங்க மேடம். ஒருத்திக்கு ஒன்பது மாசம் முடியப்போகுது. அவ திரும்ப வரமாட்டா" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். ராஜேஸ்வரி மேடம் அவரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, நான் எக்ஸாம் டியூட்டி போறேன், ஆர்டர் பின்னால வருதுன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றார். படியிலிருந்து காலை எடுத்தார். அந்தக் காலை நான் இன்னும் மறக்கவில்லை.

என் போனிலேயே பிரின்ஸிபாலிடம் அவர் சம்மதம் சொன்னார். ஏழு நாற்பத்தொன்று.

5. மிரர் டிராயிங்

ஒன்பது ஐம்பது வரை ஃபேக்ஸ் வரவில்லை. ஆபீஸ் ரூமில் மெஷினைச் சுற்றி நாங்கள் நின்ற நிலையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அது கிர்ரென்று பேப்பரைத் துப்பத் தொடங்கியதும் பிரின்ஸிபாலே "அப்பாடா" என்றார். அதே ஆர்டரின் பிரதி ராஜேஸ்வரி மேடத்தின் காலேஜுக்கும் போயிருந்தது. மெமோ இல்லை.

சீட்டுக் குலுக்கியதில் சுகந்திக்கு மிரர் டிராயிங் வந்தது. ஜூனியர் ஒருத்தியை உட்கார வைத்து வரையச் சொல்லி, நேரமும் தப்பும் குறிக்க வேண்டும். வயிறு மேஜையில் இடித்தது. ராஜேஸ்வரி மேடம் எழுந்துபோய் மேஜையைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு நாற்காலியைப் பக்கவாட்டில் வைத்தார்.

வாய்மொழித் தேர்வில், ஒரு வேலையில் பழகின பழக்கம் இன்னொன்றுக்கு எப்படி உதவுகிறது, வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல் என்று கேட்டார்.

"அம்மா வூட்ல வெறகு அடுப்பு மேடம். மாமியா வூட்ல கேஸ். தோச சுடறது சீக்கிரமா வந்துடுச்சி. ஆனா தீய மட்டும் இன்னும் வாயால ஊதப் போறேன்."

எக்ஸ்டெர்னலும் இன்டெர்னலும் சேர்ந்து சிரித்தோம். முழு மார்க். பதினோரு நாள் கழித்து ஆண் குழந்தை.

அன்று சாயங்காலம் டேவிட் சார் லேபில் தயங்கித் தயங்கி, "N-லேர்ந்து மாத்திடவா மேடம்?" என்றார்.

"மாத்தினதையும் பழையபடி வைங்க."

"இன்னா மேடம் இது, வேணான்றீங்க, வேணும்ன்றீங்க!" என்று அலுத்துக்கொண்டாலும் வைத்தார். காலேஜுக்கு நீலப் பின், நிற்கும் இடத்துக்குச் சிவப்பு. அதன் பிறகு மேப்பில் அதிகம் பயன்பட்டது சிவப்புதான். ஃபிங்கர் மேஸ் படப்பையில் கைமாறியது, கேள்வித்தாள் கவர் வாலாஜாபாத்தில். எல்லாம் பஸ் வருவதற்கு முந்தின ஐந்து நிமிடத்தில். நான்கு பேர் சேர்ந்து டீ குடிக்கவும் ஆரம்பித்தோம்.

6. புதுப் பின்

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஆட்களைச் சேர்த்துவைக்க நினைத்தால், எந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்குகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே நிற்பார்கள் என்று கேளுங்கள். அவர்களாகச் சொன்ன பதில் உங்கள் ஃபாரத்துக்குப் பொருந்தாவிட்டால் அழிக்க அவசரப்படாதீர்கள். நான் அழிக்கச் சொன்னவள். வேலை மிகுந்த ஒரு மனிதரால்தான் தப்பித்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் மேப்பில் சேர ஒரு புது விண்ணப்பம் வந்தது. அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரகடம் பக்கம் பி.எட். காலேஜில் சேர்ந்திருந்த ஒருவர். நிற்கும் இடம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: "சேரப்பணஞ்சேரி ஸ்டாப், பையனை ஸ்கூல் வேனில் ஏற்றும் இடம், 7:50. கையில் டிபன் பாக்ஸ் இருக்கும். பக்கத்தில் மாமியார் இருப்பார்." பெயர் சுகந்தி.

மறுநாள் எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. இருந்தும் என் பஸ்ஸை விட்டுவிட்டு, சேரப்பணஞ்சேரி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஏழு ஐம்பதுக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு சின்னக் கை ஆடியது. மாமியார் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார், சுகந்தி தன் காலேஜ் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின் சரியான இடத்தில்தான் இருந்தது.