படகுக்குப் போன கைப்பிடி

ஒலாவி நூட்டினெனுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். பின்லாந்தில் லாப்பேன்ராந்தா நகரின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பு அப்படித்தான் நம்பியிருந்தது. அவரும் நம்பினார்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷமாக, குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளும் அடித்தளத்துப் பதுங்கறைக்கு அவர்தான் பொறுப்பு. சம்பளம் கிடையாது. குடியிருப்போர் கூட்டத்தில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டதால் அவர் தலையில் விழுந்த வேலை. சாதாரண நாளில் அங்கே பனிச்சறுக்குக் கட்டைகளும் பழைய சைக்கிள்களும் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை இரும்புக் கதவையும், கரன்ட் இல்லாதபோது கையால் சுற்றி வெளிக்காற்றை இழுக்கும் காற்று இயந்திரத்தையும் சோதித்துப் படிவத்தில் எழுத வேண்டும்.

ஐந்து கோடைக்கு முன்னால், ஏரித் தீவில் இருக்கும் அவருடைய குடிலில் படகைக் கரைக்கு இழுக்கும் சக்கரத்தின் கைப்பிடி உடைந்தது. காற்று இயந்திரத்தின் கைப்பிடி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வாரத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்துப் போனார். பிறகு உக்ரைனில் போர் மூண்டது, அரை மணி தூரத்தில் இருந்த ரஷ்ய எல்லையையும் மூடினார்கள். அப்போதாவது ஓடிப்போய் எடுத்து வந்திருக்க வேண்டாமா, இந்த மனுஷர்? 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்றே காலம் போனது. படிவத்தில் மட்டும் வருஷம் தவறாமல் 'எல்லாம் சரி.'

இந்த ஏப்ரலில் குடியிருப்புத் தலைவி ரித்வா திடீரென்று பதுங்கறைப் பயிற்சி வைத்தாள். ஏரிப் பனி ஆள் நடக்கவும் தாங்காது, படகுக்கும் வழிவிடாது என்ற சமயம். தீவுக்குப் போக வழியில்லை.

சனிக்கிழமை மதியம் முப்பது பேர் கீழே இறங்கினார்கள். கதவை மூடியதும் ரித்வா சொன்னாள்: "கரன்ட் போயிடுச்சுன்னு வச்சுக்குவோம். சுத்துங்க ஒலாவி, காத்து வருதா பாப்போம்."

"கைப்பிடியக் காணோமே," என்றார் ஒலாவி.

"ரெண்டாவது மாடியில இருந்து காலி பண்ணிட்டுப் போனானே, அவன் வேலையாத்தான் இருக்கும்."

"இருக்கலாம்," என்றார் ஒலாவி. சொன்ன நாக்கே அவருக்குக் கூசியது. "பொறுப்பு உங்களுதுதானே, நீங்க பாக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

மூன்றாம் மாடி லெஸ்யா, உக்ரைனிலிருந்து மகளோடு வந்தவள், அவருக்காகப் பரிந்து பேசினாள். "அவர ஏன் கேக்கறீங்க? இங்க எட்டிப் பாக்கற ஒரே ஆளு அவர்தான். அவர் பாத்துக்கறாருன்னுதான் நான் நிம்மதியா தூங்கறேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "யாரும் திருடல. நான்தான் எடுத்தேன். படகு இழுக்க."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப மூச்சு முட்டினா ஒலாவி படகுல ஏறிக்கலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லெஸ்யா சிரிக்கவில்லை.

"எத்தன வருஷமா?"

"அஞ்சு."

"எழுதிக் குடுக்கற பேப்பர்ல?"

"எல்லாம் சரின்னு போட்டேன்." ஒலாவியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லெஸ்யா மகளின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"எங்க ஊர் நிலவறைக்கும் ஒருத்தர் அப்படித்தான் எழுதி வச்சிருந்தாரு," என்றாள். "நல்ல மனுஷன்."

அவள் திட்டியிருந்தால்கூட ஒலாவி தாங்கியிருப்பார்.