இழுத்துப் பார்த்த இறக்கை

இன்று காலை எங்கள் பனியன் கம்பெனியில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

என் மச்சான் நாகப்பட்டினம் போய், உப்புப் போட்ட பறவைக்கோலா மீன் ஒன்றைத் தகர டின்னில் கொண்டுவந்திருந்தார்.

"படகுல போயி தூண்டில் போட்டு உக்காந்திருந்தனுங்க. தூண்டிலை ஒண்ணும் தொடலை. இது பறந்து வந்து என்ற மடியில உளுந்துதுங்க."

துணி பார்க்க வந்திருந்த பக்கத்துக் கம்பெனி முதலாளிகள் இருவரும் சிரித்தார்கள். "மீனு எங்கீங்க பறக்குது?"

மச்சான் டின்னைத் திறந்து இறக்கையை விரித்துக் காட்டினார். பனியன் துணியை விட மெல்லிசு.

வினை அங்கேதான். மெல்லிசாக எதைக் கொடுத்தாலும் நம் ஊர்க்காரர்கள் இரண்டு கையாலும் அகலவாக்கில் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஒருவர் இழுத்தார், ஒரு பக்கத்து இறக்கை கிழிந்தது. அடுத்தவர் மறுபக்கத்தை இழுத்தார். அதுவும் பிய்ந்துகொண்டு வந்தது.

பிறகு மொட்டை மீனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த இரண்டாமவர் தீர்ப்புச் சொன்னார்: "ஏனுங்க, இதுக்கு எறக்கையே இல்லீங்களே. சும்மா அளக்கறீங்க."

பிய்ந்த இறக்கை அவர் கட்டைவிரலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

இழுத்துப் பார்க்காமல் நம்புகிற ஆள் ஒருவராவது திருப்பூரில் இருந்தால் சொல்லுங்கள். மச்சானை மறுபடியும் கடலுக்கு அனுப்புகிறேன்.