ராஸ்கோவின் ஷூவுக்கு ஒரு வாசல்

லூரீன் பிக்கெட் ஆக்ரன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. அவள் உண்மையில் கைதேர்ந்தது ஒளித்துவைப்பதில்தான். அதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஊரிலேயே ஆள் கிடையாது.

வீட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் ஆயுளில் பாதியைக் கழித்தவளுக்கு அந்தக் கலை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாரியத்து ஆட்கள் சோதனைக்கு வந்து லிஃப்டில் ஏறினால் போதும், கீழ்வீட்டுக்காரி கரண்டியால் தண்ணீர்க் குழாயைத் தட்டுவாள். அடுத்த நிமிஷம் மாடிக்கு மாடி ஆளுக்கொரு ஓட்டம். ஒருத்தி நாய்க்குட்டியைக் குளியலறைக்குள் தள்ளுவாள், இன்னொருத்தி கூடுதல் ஃப்ரிட்ஜின் மேல் மேஜைவிரிப்பைப் போர்த்திப் பூஜாடி வைப்பாள். லூரீன் ஒளித்தது ராஸ்கோவின் ஷூவை.

ராஸ்கோ டில்லரி அவளோடு குடித்தனம் நடத்துகிறவன், பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். படகு மாதிரிப் பாதம், பச்சைக் குழந்தை மாதிரி மனசு. அவன் பெயர் அவளுடைய வாடகை ஒப்பந்தத்தில் இல்லை. சேர்த்தால் அவன் வருமானத்தையும் கணக்கில் எடுத்து வாடகையை ஏற்றுவார்களே என்று முதலில் தள்ளிப்போட்டாள். அப்புறம், இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து தள்ளிப்போட்டாள். ஆகவே குழாய் தட்டும் சத்தம் கேட்டதும் அவன் பின்படிக்கட்டு வழியாக இறங்குவான், அவனுடைய ஷூ ஓவனுக்குள் போகும். சோதிக்க வருகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் குனிவார்கள், அலமாரியைத் திறப்பார்கள். ஓவனை மட்டும் திறந்ததேயில்லை.

"என் ஷூவ எத்தன தடவதான் பேக் பண்ணுவ? இன்னும் வேகலயா?" என்பான் ராஸ்கோ. சிரிப்பான். ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது அவன் முதுகு சிரிக்காது. அதைப் பார்த்துப் பார்த்து லூரீனுக்கு நெஞ்சு வலித்தது.

அதனால்தான் வாடகை வவுச்சருக்குப் பெயர் கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு "நாங்க ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டாள். வவுச்சர் கிடைத்தால் ஊருக்குள் பிடித்த வீட்டில் குடியேறலாம், வாடகையில் பெரும்பங்கை வாரியமே வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த பிறகு ஒருவழியாகக் கிடைத்தது. அப்புறம்தான் அடுத்த கூத்து. வவுச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்குக் காது அடைத்துக்கொண்டது. நேற்றுவரை காலியாக இருந்த வீட்டுக்கெல்லாம் இன்று காலையில்தான் ஆள் வந்துவிட்டதாம்! கடைசியில் கிளெம்மன்ஸ் என்ற கிழவர் ஒருவர்தான் தலையாட்டினார். சின்ன மஞ்சள் வீடு, முன்பக்கம் அகலமான வராந்தா. ஆனால் குடியேறுமுன் வாரியம் வந்து சோதித்து, சரி என்று சொல்ல வேண்டும்.

"வீடு சும்மா கெடக்குது லூரீன். இன்னிக்குப் பாஸ் ஆகலன்னா என் மச்சான் மகனுக்குக் குடுத்துருவேன், என்னத் தப்பா நெனைக்காத" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வவுச்சருக்கும் கெடு முடியப்போகிற சமயம்.

லூரீன் அறை அறையாகப் பார்த்தாள். ஜன்னல் பூட்டிக்கொண்டது, குழாய் சொட்டவில்லை. சமையலறையில் மட்டும் ஒரு பழைய கரண்ட் அடுப்பு. மேலே நான்கு சுருள், அதில் ஒன்று சூடாகவே இல்லை. கீழே ஓவன், கதவெல்லாம் கறை. அவளுக்குள் இருந்த அடுக்குமாடிக்காரி விழித்துக்கொண்டாள்.

"இத அப்புறப்படுத்து ராஸ்கோ."

"அடுப்பயா? கண்ணு, அது அடுப்பு!"

"இல்லாத பொருளுக்கு எப்புடிக் குறை எழுதுவான்? தூக்கு."

தள்ளுவண்டியில் ஏற்றிப் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டுக்காரி மிஸ் வில்லா மே காடிஸ், சர்ச்சுக்குப் போகாத நாளிலும் தொப்பி வைத்துக்கொள்கிறவள். "தாராளமா வை. நீ பாக்க நல்ல பொம்பளையாத்தான் இருக்க. இந்த வவுச்சர் கும்பல் எதாவது வந்து தெருவக் கெடுத்துருமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்" என்றாள். லூரீன் சிரித்துத் தலையாட்டினாள். ஷூவோடு ஷூவாக வவுச்சரையும் ஒளித்தாள்.

சோதனைக்கு வந்த டெரல் ஹாக் நல்ல மனிதர்தான். ஜன்னலைத் தூக்கிப் பார்த்தார், புகை அலாரத்தை அழுத்திப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சமையலறையில் நின்றார்.

"அடுப்பு எங்கம்மா?"

"அடுப்பா? இல்லீங்களே" என்றாள் லூரீன், பெருமையாக.

"அப்ப ஃபெயில். அடுப்பு இல்லாத வீட்டுக்கு வாரியம் வாடகை குடுக்காது."

 ராஸ்கோ கூரையைப் பார்த்தான். லூரீனின் முகம் போன போக்கைப் பார்த்து டெரல் இறங்கி வந்தார். "இதே தெருவுல இன்னொரு வீடு பாக்கணும். திரும்பி வரும்போது எட்டிப் பாக்குறேன். அடுப்பு வந்திருந்தா சரி."

இரண்டு பேரும் கார் ஷெட்டுக்கு ஓடினார்கள். உள்ளே வெண்ணெய் வாசனை தூக்கியது. மிஸ் வில்லா மேயின் காலஞ்சென்ற கணவர் மீன் பொரிப்பதற்கென்று ஷெட்டில் ஓர் அடுப்பு வைத்திருந்தாராம். அந்த அடுப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்குப் போட்ட பிளக் பாயிண்ட் மட்டும் சுவரில் இருந்தது. அவளுடைய சொந்த ஓவனோ நேற்றுத்தான் மண்டையைப் போட்டிருந்தது. தேடிவந்த அடுப்பைச் சும்மா விடுவாளா?

"கிட்ட வராதீங்க! உள்ள பவுண்ட் கேக் இருக்கு. பாஸ்டர் விருந்துக்கு" என்று கையை விரித்து மறித்தாள். "மேல ஒரு சுருள் சரியாச் சொருகாம இருந்துச்சி, அழுத்திவிட்டேன். இப்ப நாலும் எரியுது. நன்றி அப்புறம் சொல்லு."

"மிஸ் வில்லா மே, அடுப்பு இப்பவே வேணும். வாரியத்து ஆளு வர்றாரு."

"வாரியமா?" தொப்பிக்குக் கீழே கண் சுருங்கியது. "அப்ப நீ வவுச்சர்காரியா?"

இவ்வளவு காலம் பழகிய பொய் நாக்கு நுனிவரை வந்தது. லூரீன் ராஸ்கோவைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல ஒதுங்கி, ஷெட்டின் பின்கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"ஆமா, வவுச்சர்தான். இந்த மனுஷன் முன்வாசல் வழியா வீட்டுக்கு வரணும், அதுக்குத்தான். இன்னிக்கி விட்டா போச்சு" என்றாள். குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

மிஸ் வில்லா மே ராஸ்கோவை ஒரு பார்வை, ஓவனை ஒரு பார்வை பார்த்தாள். "கேக்க வெளிய எடுக்க முடியாது, அமுங்கிரும்" என்றாள். மூலையில் கிடந்த பழைய கம்பளியை எடுத்து லூரீனிடம் நீட்டினாள். "அதனால கேக்கோடயே தள்ளுங்க. ஏய் பெரிய பாதம், குலுக்குன, கொன்னுருவேன்!"

புல்வெளியைத் தாண்டி அந்த ஊர்வலம் போனதைத் தெருவே பார்த்தது. ராஸ்கோ வண்டியைத் தள்ள, லூரீன் கம்பளியால் அடுப்பைப் பிடிக்க, மிஸ் வில்லா மே கூடவே நடந்து "மெதுவா! கல்லு! கல்லு இருக்கு!" என்று கத்தினாள். பிளக்கைச் சொருகி மூச்சு வாங்கும்போது டெரல் ஹாக் உள்ளே வந்தார். நான்கு சுருளையும் போட்டுப் பார்த்தார். ஓவன் கதவில் கை வைத்தார்.

"தொறந்தீங்க, நடக்குறதே வேற!" என்று மிஸ் வில்லா மே பாய்ந்தாள்.

"சூடு வருதான்னு பாக்கணும்மா."

"மூக்கு இல்லியா உங்களுக்கு?"

டெரல் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். கேக் பொன்னிறமாக எழும்பிக்கொண்டிருந்தது. நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்தார். "ஓவன் வேலை செய்யுது. வீடு பாஸ்" என்றார்.

லூரீன் ராஸ்கோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேக் ஒரு பக்கம் லேசாக அமுங்கித்தான் போயிருந்தது. மிஸ் வில்லா மே அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்துச் சமாளித்தாளாம். அதற்குப் பழியாக, தன்னுடைய ஓவன் சரியாகும்வரை லூரீனுடையதில்தான் சுடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

குடிவந்த முதல் சனிக்கிழமை. காலில் வெறும் காலுறையோடு ராஸ்கோ பலகாரத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தான். வாசல் கதவை யாரோ டொக்டொக்கென்று தட்டினார்கள். கதவைத் திறந்தபோது லூரீனுக்கு ஏனோ மூச்சு வாங்கியது. மிஸ் வில்லா மே கேக் தட்டோடு நேரே சமையலறைக்குப் போய் ஓவனைத் திறந்தாள்.

உள்ளே ராஸ்கோவின் ஷூ, ஜோடியாக.

லூரீனுக்கே அப்போதுதான் தெரிந்தது. தட்டும் சத்தம் கேட்டதும் கை தானாகச் செய்துவிட்டிருக்கிறது. காதுவரை சூடேறியது. ராஸ்கோ கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

 மிஸ் வில்லா மே தட்டை வைத்தாள். இரண்டு விரலால் ஷூவைத் தூக்கிக்கொண்டு வீட்டைக் கடந்து நடந்தாள், முன்கதவைத் திறந்தாள், வராந்தாவில் மிதியடிக்குப் பக்கத்தில் தெருவைப் பார்க்க வைத்தாள். முனையைக் காலால் தட்டி நேராக்கினாள்.

"அங்கயே கெடக்கட்டும்டி" என்றாள் திரும்பி வந்து. "இப்ப ஓவனத் தொடச்சிவிடு, ஷூ நாத்தம் போகட்டும்."