அகலப் பாவாடைப் பெரியம்மா

எழுபதுகளின் நடுவில் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்களுக்கு ஒரு அறையும் சமையலறையும். என் கணவருக்குப் பக்கத்து துபாயில், தேராவில் ஒரு கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. அங்கிருந்த ஐரோப்பிய எஞ்சினியர் வேலையை விட்டுப் போகும்போது இவருக்கு ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பரோக் காலத்து எட்சிங், முந்நூறு வருஷப் பழசு. செப்புத் தகட்டுல கீறி அச்செடுத்தது, பத்திரம்" என்றார் இவர்.

"உங்க துரை ஒரு இஸ்திரிப் பெட்டி கொடுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

கான்கிரீட் சுவரில் நாலைந்து ஆணிகள் வளைந்த பிறகு ஒன்று இறங்கியது. படத்தில் ஏதோ ஒரு பெருநகரத்து மாளிகையின் முற்றம். சுற்றிலும் தூண்கள், கூரைமேல் சிலைகள், குதிரை வண்டிகள், நாய்கள், எறும்பு எறும்பாய் மனிதர்கள். சும்மா சொல்லக்கூடாது, வேலைப்பாடு பிரமாதம். யார் இவர்களெல்லாம் என்று கேட்டதற்கு, "கட்டடம் எவ்ளோ பெருசுன்னு காட்ட ஆளைப் போடுவாங்க. பிளான்ல நாங்களும் போடுவோம்" என்றார். அத்தனை பேரையும் வெறும் அளவுகோலாக்கிவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. கைக்குழந்தையாக வந்தவள், அதன்பின் ஊர்ப்பக்கம் போகவே இல்லை. வெயிலில் வெளியே விட முடியாது. விளையாட ஆளும் இல்லை. அவள் எது கேட்டாலும் எங்களிடம் ஒரே பதில்தான். நாய்க்குட்டியா, ஊருக்குப் போனால். ஓடிப்பிடித்து விளையாட வேண்டுமா, ஊருக்குப் போனால். பெரியம்மாவைப் பார்க்க வேண்டுமா, அதுவும் ஊருக்குப் போனால். லீவையோ இவர் வருஷா வருஷம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவள் கட்டில்மேல் ஏறி நின்று, படத்தில் இருந்த ஒரு சீமாட்டியைத் தொட்டுக் கேட்டாள்: "பெரியம்மா ஏம்மா இவ்ளோ பெரிய பாவாடை போட்டிருக்காங்க?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நாய், ஓட இடம், நிறைய மனிதர்கள். நாங்கள் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. ஊர் என்று அதைத்தான் நினைத்திருக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொந்த மனுஷங்களையே தெரியாம வளருது புள்ள, சிரிப்பு வருதா உங்களுக்கு? இந்த வருஷம் லீவு போடலன்னா நானும் அவளும் மட்டும் போறோம்" என்றேன். போட்டார். படத்தில் இருப்பது வேறு எங்கோ என்று கிளம்பும்வரை அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையாட்டினாள்.

திருச்சியில் என் அக்கா வாசலுக்கே ஓடி வந்து அவளை அள்ளிக்கொண்டாள். "பெரியம்மாடி கண்ணு" என்று கொஞ்சினாள். மகள் அவளுடைய சுங்குடிச் சேலையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, இங்கேர்ந்து ஊருக்கு எவ்ளோ தூரம்?"

அக்காவின் முகம் வாடிவிட்டது. சிரிப்பாரோ என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.