சதுக்கத்துக் கூரைக்கு ஒரு வாக்கு

எங்கள் சுவிஸ் நகரின் பழைய ரயில் நிலையத்தை இடித்துக் கண்ணாடியில் புதிது கட்டினார்கள். முன்னால் இருந்த சதுக்கத்தில்தான் எல்லா பஸ்களும் நிற்கும். அதற்குக் கூரை இல்லை.

உணவக வேலைக்குப் போகும் ஓர் ஈழத்தமிழரை அங்கேதான் சந்தித்தேன். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மழையில் யார் பக்கத்தில் வந்தாலும் தன் குடையில் பாதியைக் கொடுத்துவிடுவார்.

சதுக்கத்துக்குக் கூரை போடுவதா என்று நகரம் வாக்கெடுப்பு நடத்தியது. அவருக்குக் குடியுரிமை இல்லை, அதனால் வாக்கும் இல்லை.

"அண்ணை, உங்களிட்ட சுவிஸ் பாஸ்போட் இருக்குதெல்லோ. எனக்காகவும் ஓம் எண்டு போடுங்கோ."

சரி என்றேன். வீட்டுக்குப் போய், வரி கூடிவிடும் என்று பயந்து, வாக்குச்சீட்டில் 'வேண்டாம்' என்று எழுதித் தபாலில் அனுப்பினேன்.

ஆனாலும் கூரை வந்தது. "இது அண்ணை போட்ட கூரை" என்று பஸ்ஸுக்கு நிற்கும் தமிழரிடமெல்லாம் என்னைக் காட்டினார். ஒரு மழைநாளில் அந்தப் பாராட்டைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "தெரியும் அண்ணை. கூரை வந்த நாள் தொடக்கம் நீங்கள் ஓரத்திலதானே நிக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ, நனையிறியள்."

தெரிந்துகொண்டே அத்தனை பேரிடமும் என்னைப் புகழ்ந்தாரே, அது கேலியா அன்பா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.