வலையக்கா கட்டிய பழக்கூண்டு

அந்தத் தெருவில் கொசுவுக்கு முதல் எதிரி யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வலையக்காவின் வீட்டைக் கைகாட்டும். ஜன்னல்களுக்குக் கொசுவலை மாட்டுவதுதான் அவள் தொழில். சட்டத்தின் ஓரமாக ரப்பர் பட்டையை வைத்து உருளையால் ஒரே இழுப்பில் அழுத்திக்கொண்டு போவாள். வலை மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். ஈ எறும்பு நுழையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஏணியைத் தூக்குவாள். குறை சொல்லி இதுவரை ஒருவரும் அவளைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்த வீட்டில் மட்டும் நல்ல பெயர் கிடையாது. குறை சொல்லாவிட்டால் மாமியாருக்கு உண்டது செரிக்காது. சமையலில் உப்பு கூடிவிட்டது, துணி மடித்தது கோணல், வீடு பெருக்கியது பெயருக்கு. ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவதெல்லாம் ஒரு வேலையா என்று தொழிலுக்கும் ஒரு குட்டு. லாரி ஓட்டும் மகன் பாதி நாள் வீட்டில் இல்லாதது அவன் செய்த புண்ணியம். வலையக்காவுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. இந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை 'பரவாயில்லை' என்று வந்தால் போதும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காக ஏங்கினாள்.

பறவைகள் அதற்கொரு வழி காட்டின. வீட்டின் பின்புறம் மாமியார் வளர்த்த ஸ்ட்ராபெரிப் பாத்தியில் போன வருடம் ஒரு பழம்கூட வாய்க்கு வரவில்லை. நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டுவைத்தால், விடிந்ததும் காம்புதான் மிச்சம். இந்த வருடம் பூ விடுவதற்கு முன்பே மருமகள் களத்தில் இறங்கிவிட்டாள்.

கடையில் எதையும் வாங்கவில்லை. யாரோ கழித்துப்போட்ட இரும்புக் கட்டிலின் கால்கள் நான்கு மூலைகளிலும் நின்றன. வாடிக்கையாளர்களின் வீடுகளில் கழற்றிக்கொண்டு வந்த அலுமினியச் சட்டங்களும், பழைய வலைகளில் கிழியாத பகுதிகளும் சுவராகவும் கூரையாகவும் ஆயின. சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக அறுத்து மூட்டுகளை இறுக்கிக் கட்டினாள். கதவுக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்றின் கதவிலிருந்து காந்தப் பட்டையை உரித்தெடுத்து ஒட்டினாள். சும்மா தள்ளினாலே கதவு 'டப்' என்று இரும்புக் காலைக் கவ்விக்கொண்டது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே போவதற்குக் காற்றே அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கிறதே என்றார். மாமியார் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார், மறுபடியும் திறந்து மூடினார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். வலையக்கா காத்திருந்த 'பரவாயில்லை' அன்றைக்கும் வரவில்லை.

பூ வந்தது, காயும் வந்தது. ஆனால் முதலில் வந்த காய்கள் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சூம்பி, பார்க்கவே சகிக்கவில்லை. போச்சு, இனி இதற்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். மாமியார் மூச்சுவிடவில்லை. அதிசயமாக, அடுத்து வந்த காய்கள் திரட்சியாக, லட்சணமாக இருந்தன. மண் பிடித்துக்கொண்டது என்று வலையக்கா நிம்மதியானாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவள், அளவு டேப்பை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பினாள். பின்புறம் போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் மாமியார். முழங்கால் வலியால் மாடிப்படி ஏறாத மனுஷி, குட்டை முக்காலியில் குந்தியிருந்தார். கையில் சின்னதாக ஒரு பெயின்ட் பிரஷ். ஒவ்வொரு பூவின் நடுவிலும் அதை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

வலையக்கா கதவைத் திறந்து உள்ளே போய், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தூசி தட்டுறேன்" என்றார் மாமியார், நிமிராமல்.

பூவுக்கு யார் தூசி தட்டுவார்கள்? அப்போதுதான் வலையக்காவின் கண் கூண்டின் வெளிப்பக்கம் போனது. தேனீ ஒன்று வலைமேல் ஏறியும் இறங்கியும் வழி தேடியது, சலித்துப்போய்ப் பறந்தது, மறுபடி வந்து தேடியது. அவளுக்குச் சுரீர் என்றது. பறவைக்குக் கட்ட வேண்டிய கூண்டைக் கைப்பழக்கத்தில் கொசுவுக்குக் கட்டித் தொலைத்திருக்கிறாள். மகரந்தம் சேராமல்தான் முதல் காய்கள் சூம்பிப்போயின. தேனீ பார்க்க வேண்டிய வேலையை இந்த மனுஷி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் அத்தை சொல்லல? உப்பு ஒரு கல்லு கூடினாலே ஊரைக் கூட்டுவீங்களே."

மாமியார் பிரஷைத் துணியில் துடைத்தார். "நீ வேலை செய்யற வீட்டையெல்லாம் நான் எங்க பார்த்தேன்? இதைத்தான் பார்த்தேன். எந்த மூலையிலயும் ஒரு இடுக்கு இல்ல. இதைப் போய் எப்படிம்மா குறை சொல்றது?"

வலையக்கா பையிலிருந்து கத்தியை எடுத்தாள். ஒரு பக்கத்து வலையை அறுத்துவிட்டுப் பெரிய கண் வைத்த வலையை மாட்டினால் தேனீ வரும், பறவை வராது. அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் கத்தி வலையைத் தொடுவதற்குள் மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப அறுக்காத. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வர்றா. அவ ஒரு தடவை இதைப் பார்த்துட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமைவரை பூக்கள் காத்திருக்காது. வலையக்கா இன்னொரு பிரஷைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.